ஃபார்மேட் அடிக்காமலே விண்டோஸைச் சரிசெய்வது எப்படி?

விண்டோஸ் கிளம்ப மறுத்தாலும், நீலத்திரை காட்டி நின்றாலும் பலர் சொல்லும் முதல் யோசனை, "ஃபார்மேட் அடிச்சிடு". கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உங்கள் கோப்புகளில் கை வைக்காமல் பழுதுபார்க்க வழி இருக்கிறது.

திரை இன்னும் திறக்கிறது என்றால், முதல் வேலையாக முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் தேடி எடுத்து வையுங்கள், நடுவழியில் கேட்கும்.

திறக்கவே இல்லையா? லோகோ வந்ததும், கணினி அணையும் வரை பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாம் முறை மீட்புத் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்று போங்கள். பலன் இல்லையா? அப்டேட்டுக்குப் பிறகு வந்த வினை என்றால் அதே பக்கத்தில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐ அழுத்தி, அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடுக்குள் போய், கடைசியாகப் போட்ட டிரைவரை (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருளை) நீக்கிப் பாருங்கள்.

உள்ளே வந்தாயிற்றா? கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்தில் 'எஸ்எஃப்சி', ஓர் இடைவெளி, சாய்கோடு, ஒட்டியே 'ஸ்கேன்நவ்' என்று அடியுங்கள். சிதைந்த சிஸ்டம் கோப்புகளை அது மாற்றிவிடும். சதவீத எண் நகராமல் நெடுநேரம் நிற்கும், ஜன்னலை மூடிவிடாதீர்கள். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால், மாற்றுக்கோப்புகள் இருக்கும் கிடங்கே பழுது. அதை, விண்டோஸிலேயே இருக்கும், கமாண்ட் ப்ராம்ப்டில் ஓட்டும் டிஐஎஸ்எம் கருவியின் 'ரெஸ்டோர்ஹெல்த்' கட்டளையால் சீராக்கி, பிறகு எஸ்எஃப்சியை மறுபடி ஓட்ட வேண்டும். டிஐஎஸ்எம்முக்கு இணைய இணைப்பு தேவை.

அதுவும் போதவில்லை என்றால் விண்டோஸையே அதன் மேலேயே நிறுவலாம். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்: பென்டிரைவிலிருந்து பூட் செய்து தொடங்கினால் புரோகிராம்கள் மிஞ்சாது. சேஃப் மோடிலும் இது நடக்காது. வழக்கம்போல் திறந்த விண்டோஸுக்குள்ளிருந்தே, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவல் கோப்புகள் எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இருமுறை கிளிக் செய்து செட்டப்பை ஓட்டுங்கள். கோப்புகள், ஆப்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கலாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் மொழியோ பதிப்போ பொருந்தாத ஐஎஸ்ஓவாக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு அதே கோளாறு சில நாளில் திரும்பினால், சந்தேகப்பட வேண்டியது விண்டோஸை அல்ல, டிஸ்க்கையும் ராமையும். ராமுக்கு, ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட்டிப் பாருங்கள்.