உரச் சோதனைத் திடலில் இன்னும் நான் பார்க்கிற தவறுகள்

போன மாதம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். முதுகலை படிக்கும் மூன்று பேர் நெல்லுக்கான உரச் சோதனைத் திடல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கயிறு நேராகப் பிடித்திருந்தார்கள், பாத்திகள் 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்று கச்சிதமாக இருந்தன, முளைக்குச்சியில் பெயிண்ட் அடித்து எண்ணும் எழுதியிருந்தார்கள். பார்க்க அழகான திடல். ஆனால் அதிலிருந்து ஒரு உண்மையும் கிடைத்திருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்ட திடலும் இப்படித்தான் இருந்தது.

தராசைச் சரிபார்க்க வேண்டும், சாக்கில் அடையாள அட்டை கட்ட வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். நன்றாகப் படித்தவர்களும் செய்கிற தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன். அதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயல் முழுக்க ஒரே மண் என்று நம்புவது

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மெர்சர், ஹால் என்ற இருவர் 1910ல் ஒரு வேலை செய்தார்கள். ஒரே மாதிரி உழுது, ஒரே விதை விதைத்து, ஒரே உரம் இட்ட ஒரு ஏக்கர் கோதுமையை 500 சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அறுத்து எடை போட்டார்கள். சராசரி ஏறக்குறைய 4 பவுண்டு. ஆனால் குறைந்த பாத்தி 3 பவுண்டைக்கூடத் தொடவில்லை, கூடிய பாத்தி 5 பவுண்டைத் தாண்டியது. எந்தச் சோதனையும் செய்யாத வயலிலேயே அவ்வளவு வித்தியாசம்.

நம் வயல்களில் இதைவிடக் காரணங்கள் அதிகம். தண்ணீர் நுழையும் வாய்மடைப் பக்கம் வண்டல் படிகிறது, தண்ணீர் கடைசியாகச் சேரும் கடைமடைப் பக்கம் நீர் தேங்குகிறது. நிலத்தைச் சமப்படுத்தும்போது மேட்டின் மேல்மண் பள்ளத்துக்குப் போய்விடுகிறது, மேட்டில் அடிமண் வெளியே வருகிறது. பழைய குப்பைக்குழி, அழித்த வரப்பு, வெட்டிய புளியமரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருக்கின்றன.

என் கதையைச் சொல்கிறேன். டெல்டாவில் ஒரு விவசாயியின் வயலில் மணிச்சத்துச் சோதனை (பாஸ்பரஸ் உரச் சோதனை) போட்டேன். ஹெக்டேருக்கு 0, 12.5, 25, 37.5, 50 கிலோ என்று ஐந்து அளவு, மூன்று ரெப்ளிகேஷன் (எல்லா அளவும் ஒருமுறை வருகிற பாத்தித் தொகுதி), மொத்தம் 15 பாத்தி. திடல் போடுவதற்கு முன் மண் எடுத்தேன். வயல் முழுக்கச் சுற்றி எடுத்து, ஒன்றாகக் கலந்து, கால்பங்கிட்டுக் குறைத்து, அரைக் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஓல்சன் என்ற மண் ஆய்வு முறையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 14 கிலோ என்று வந்தது. 11க்குக் கீழே குறைவு, 22க்கு மேலே அதிகம். ஆக, நடுத்தரம். சரி என்று நட்டுவிட்டேன்.

அறுவடையில் 37.5 கிலோ இட்ட பாத்திகள் எல்லாவற்றையும் மிஞ்சின. 50 கிலோவுக்கு விளைச்சல் இறங்கியிருந்தது. அதற்கு விளக்கமும் என்னிடம் தயாராக இருந்தது: மணிச்சத்து மிகுந்தால் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும். பாடத்தில் உள்ள உண்மைதான் அது. உண்மையான ஒரு விதியை எடுத்துப் பொய்யான ஒரு எண்ணுக்கு முட்டுக்கொடுத்துவிட்டேன்.

அடுத்த சம்பாவில் அதே பாத்திகளில், அதே வரிசையில், மறுபடியும் செய்தேன். அதே முடிவு. இரண்டு பருவமும் ஒத்துப்போகிறதே என்று உறுதியாகிவிட்டது எனக்கு. அதே இடத்தில் அதே வரிசையை வைத்தால் அதே பிழைதான் திரும்ப வரும் என்று அப்போது தோன்றவில்லை. அந்த விவசாயி என் பேச்சை நம்பித் தன் 4 ஏக்கருக்கும் 37.5 கிலோ கணக்கில் மணிச்சத்து உரமான டிஏபி இட்டார். பக்கத்து வயல்காரர்களுக்கும் சொன்னார்.

மூன்றாம் ஆண்டு களையெடுக்க வந்த ஒரு அம்மா தற்செயலாகச் சொன்னார்: "அந்த மூலையில வருசா வருசம் ஆட்டுக்கிடை கட்டுவாங்க தம்பி. நீங்க ஒண்ணுமே போடலன்னாலும் அங்க பயிரு கருகருன்னுதான் நிக்கும்."

மூன்று 37.5 கிலோ பாத்திகளில் இரண்டு, ஆடுகளை அடைத்த கிடையின் எரு சேர்ந்த அந்த மூலையில் இருந்தன. அன்று சாயங்காலமே பாத்தி பாத்தியாக மண் எடுத்தேன். அந்த இரண்டில் 27, 29 கிலோ. மற்ற பதின்மூன்றிலும் 11 முதல் 13 வரை. முதலில் வந்த 14 என்பது இவற்றின் சராசரி. வயலில் எந்தப் பாத்தியிலும் இல்லாத எண் அது. கிடை மூலையை ஒதுக்கிவிட்டு, வேறு வரிசையில் திரும்பச் செய்தபோது 25 கிலோவுக்கு மேல் இட்டதால் எந்தப் பயனும் இல்லை. அந்த விவசாயி என் பேச்சைக் கேட்டு அதிகமாக இட்டது ஏறக்குறைய ஒரு மூட்டை டிஏபி. ஒரு மூட்டைதானே என்று என்னால் விட முடியவில்லை, இன்றும்.

அதனால்தான் இந்தத் தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தவிர்க்கச் செலவே கிடையாது. முதலில் ஆட்களிடம் கேட்க வேண்டும்: கிடை எங்கே கட்டுவீர்கள், குப்பை எங்கே கொட்டுவீர்கள், களம் எங்கே இருந்தது, மண் எங்கே அடித்தீர்கள் என்று. நில உடைமையாளரைவிட அங்கே நடவுக்கும் களைக்கும் வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்து, உரம் இடுவதற்கு முன்பே பாத்திக்கு ஒரு மாதிரி எடுத்துவிட வேண்டும். நேரம் இருந்தால் ஒரு பருவம் எந்த உரமும் இடாமல் தீவனச் சோளம் போட்டு, பாத்தி பாத்தியாக அறுத்து எடை பாருங்கள். எந்த இடம் எப்படி என்பதைப் பயிரே சொல்லிவிடும்.

அப்புறம் ரெப்ளிகேஷனை எந்தப் பக்கம் போடுவது என்ற விஷயம். அந்த மூன்று மாணவர்களும் வாய்மடையிலிருந்து கடைமடை வரை நீளவாக்கில் மூன்று பட்டைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் நல்ல மண்ணும் இருக்கிறது, கெட்ட மண்ணும் இருக்கிறது. வாய்மடையில் விழுந்த ட்ரீட்மென்டுக்கு (ஒப்பிட்டுப் பார்க்கிற உர அளவுக்கு) யோகம், கடைமடையில் விழுந்ததற்குத் தண்டனை. போதாக்குறைக்குப் பார்வையாளர்களுக்குப் புரிய வேண்டும் என்று மூன்று பட்டையிலும் ஒன்று முதல் ஏழு வரை வரிசையாகவே அடுக்கியிருந்தார்கள். ஏழாவது ட்ரீட்மென்டு மூன்று முறையும் கடைமடையில்!

ஒரு ரெப்ளிகேஷனுக்குள் மண் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வித்தியாசம் ரெப்ளிகேஷனுக்கும் ரெப்ளிகேஷனுக்கும் நடுவே போய் விழ வேண்டும், கணக்கில் அதைப் பிரித்து எடுத்துவிடலாம். அதாவது சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும்: வாய்மடையில் ஏழும், நடுவில் ஏழும், கடைமடையில் ஏழும். ஒவ்வொன்றுக்குள்ளும் சீட்டுக் குலுக்கி வரிசை. 1919ல் ரோதம்ஸ்டெட்டுக்கு வந்த புள்ளியியலாளர் ஃபிஷர் 1920களில் வகுத்துக் கொடுத்த முறை இது. பரீட்சையில் எல்லோரும் இதைச் சரியாக எழுதுகிறார்கள். வயலில் கயிறு பிடிக்கும்போது மறந்துவிடுகிறார்கள்.

மண்ணின் ஏற்றத்தாழ்வு எப்போதும் எதிரி என்று சொல்லவில்லை. 1967ல் ராமமூர்த்தியும் அவருடன் இருந்தவர்களும் சொனோரா 64 என்ற கோதுமை ரகத்துக்கு இலக்கு மகசூல் முறையை (வேண்டிய விளைச்சலை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப உர அளவைக் கணக்கிடுவது) வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த ஆய்வுகளில் வயலை மூன்று பட்டையாக்கி, ஒன்றில் உரமே இடாமல், ஒன்றில் ஒரு பங்கும், ஒன்றில் இரு பங்கும் இட்டு, ஒரு பயிரை வளர்த்து எடுத்து, வேண்டுமென்றே வளத்தில் ஏற்றத்தாழ்வை உண்டாக்குவார்கள். அதன்மேல்தான் சோதனைப் பயிர் போகும். அங்கே ஏற்றத்தாழ்வு எங்கே, எவ்வளவு என்று தெரியும். என் வயலில் அது தெரியாமல் போனதுதான் கேடு.

மாணவர்களின் நாற்றங்காலில் நாற்றுக்கு 18 நாள் ஆகியிருந்தது. குச்சிகளைப் பிடுங்கி, குறுக்கே மாற்றி அடித்து, 21 பாத்தியிலும் தனித்தனியாக மண் எடுத்து முடிக்க ஒரு பகல் போதுமானதாக இருந்தது.

ஒரு பாத்தி வழியாக அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விடுவது

கூடவே கூடாது. இரட்டை வரப்பு, நடுவில் வாய்க்கால், பாத்திக்குத் தனி மடை.

டிஏபியை வைத்து மணிச்சத்தைச் சோதிப்பது

100 கிலோ டிஏபியில் 46 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில்) இருக்கிறது, கூடவே 18 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) இருக்கிறது. அந்தத் தழைச்சத்தை யூரியாவில் கழிக்காவிட்டால், மணிச்சத்து கூடக்கூடத் தழைச்சத்தும் கூடிக்கொண்டே போகும். விளைச்சல் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சூப்பர் பாஸ்பேட்டுக்கு மாறினால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். அதில் 16 சதம் மணிச்சத்தோடு ஏறக்குறைய 11 சதம் கந்தகமும், சுண்ணாம்புச் சத்தும் உண்டு. நிலக்கடலை, எள் போன்ற எண்ணெய்வித்துப் பயிர்களில் கந்தகத்துக்கே விளைச்சல் கூடும். ஆகவே எல்லாப் பாத்திக்கும் கந்தகத்தை ஜிப்சமாக இட்டுச் சமன் செய்துவிட்டு அப்புறம் மணிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள்.

எந்த மண்ணுக்கும் ஓல்சன்

ஊட்டி மலையின் புளிப்பு மண்ணில் மணிச்சத்தை அளக்கப் பிரே என்ற வேறு ஆய்வு முறை. ஓல்சன் முறை நடுநிலை, கார மண்ணுக்கு.

தகர வாளியில் மண் சேர்ப்பது

துத்தநாக முலாம் பூசிய வாளியிலிருந்து துத்தநாகம் மண்ணில் ஒட்டும். நாம் தேடுவது கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவிலான சத்து. தமிழ்நாட்டில் 1.2க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறோம். அந்த அளவில் வாளி சுரண்டிக் கொடுப்பதே போதும், பற்றாக்குறை வயலுக்கு நல்ல சான்றிதழ் கிடைத்துவிடும். பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி, துணிப்பை. பழைய உரச் சாக்கை மட்டும் எடுக்காதீர்கள்.

ஈரத்தோடு எடை போட்டு ஹெக்டேருக்குப் பெருக்குவது

20 சதுர மீட்டர் பாத்தி என்றால் ஹெக்டேருக்குக் கொண்டுவர 500 ஆல் பெருக்குகிறோம். பாத்தியில் ஒரு கிலோ தவறினால் தாளில் அரை டன் தவறுகிறது. 24 சத ஈரத்தில் 10 கிலோ இருந்த நெல், 14 சத ஈரக் கணக்குக்கு வந்தால் 8.84 கிலோதான். தழைச்சத்து அதிகம் இட்ட பாத்தி தாமதமாகத்தான் முதிரும், அதை அறுக்கும்போது ஈரமும் கூடுதலாக இருக்கும். ஈரமானி இல்லாமல் எடை போட்டால் யூரியாவுக்கு எப்போதும் பொய்யான வெற்றி கிடைக்கும். பாத்திக்குப் பாத்தி ஈரம் பாருங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணை எழுதாதீர்கள்.

வரப்போரப் பயிரையும் சேர்த்து அறுப்பது

நான்கு பக்கமும் இரண்டு வரிசையை விட்டுவிடுங்கள். பெருக்கும்போது அறுத்த பரப்பை மட்டும் எடுங்கள்.

பாஸ்பரஸும் பாஸ்பரஸ் பென்டாக்சைடும்

ஒன்றல்ல. பாஸ்பரஸ் எண்ணைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்குக்கு மாற்ற 2.29 ஆல் பெருக்க வேண்டும்.

உரமிடாத பாத்தியைக் கவனிக்காமல் விடுவது

எப்படியும் விளையாது என்று ஆட்கள் அங்கே களையெடுக்காமல் போவார்கள். நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும். அந்தப் பாத்தி கெட்டால் மற்ற பாத்திகளை எதோடு ஒப்பிடுவீர்கள்?

ஒரு பருவத்தை வைத்து மண்வளம் என்று எழுதுவது

ஒரு பருவம் காட்டுவது அந்தப் பருவத்துப் பயிர் உரத்துக்கு என்ன பதில் சொன்னது என்பதை மட்டும். மண்வளம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல ஆண்டுகள் வேண்டும். ரோதம்ஸ்டெட்டில் பிராட்பாக் வயல் சோதனை 1843 முதல் நடக்கிறது. கோயம்புத்தூரின் பழைய நிரந்தர எருச் சோதனை 1909ல் தொடங்கியது. பாத்திகளைப் பல தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

இமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூரில் 1972ல் தொடங்கிய திடலைப் பற்றி ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறேன். புளிப்பு மண். அங்கே ஆண்டுதோறும் யூரியா மட்டுமே இட்ட பாத்திகளில் மண் மேலும் புளித்து, மக்காச்சோளமும் கோதுமையும் கடைசியில் விளையாமலே போயின. ஆரம்ப ஆண்டுகளில் அந்தப் பாத்திகளும் விளைந்தவைதான்.