குளூனி சிரிக்காத படத்தைப் பார்ப்பது எப்படி

ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி கொலையாளியாக நடித்து 2010இல் வந்த 'தி அமெரிக்கன்' படத்தை முதல் தடவை தம்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரம் போனதும், "அக்கா, இவரு எப்பதான் சிரிப்பாரு?" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். 'ஓஷன்ஸ் லெவன்' என்ற ஜாலியான திருட்டுப் படம் பார்த்து குளூனிக்கு ரசிகன் ஆனவன். அமெரிக்காவிலேயே, படம் பார்த்தவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் படத்துக்கு டி மைனஸ்தான் கிடைத்தது. எனக்கோ ரொம்பப் பிடித்த படம், குளூனி அதற்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்.

இரவில் விளக்கை அணைத்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். இயக்குநர் ஆன்டன் கோர்பைன் அடிப்படையில் புகைப்படக் கலைஞர், எதற்கும் அவசரப்படமாட்டார். ஸ்வீடன் பனியில் வரும் தொடக்கத்தைத் தவறவிட்டால், இந்த ஆள் ஏன் யாரையும் நம்புவதில்லை என்பது கடைசிவரை பிடிபடாது.

அப்புறம், குளூனியின் கைகளைப் பாருங்கள். இத்தாலியின் அப்ருட்சோ மலையூர் ஒன்றில், அறைக்குள் உட்கார்ந்து துப்பாக்கி செய்கிறார். மெக்கானிக் ஷெட்டில் பொறுக்கி வந்த கார் பாகங்கள், சத்தத்தை அடக்கும் குழாயாக மாறுகின்றன. அந்தக் கைகளை நான் முழுசாக நம்பினேன். முகத்தில்தான் சிக்கல். சும்மா இருந்தாலே எதிரில் இருப்பவரைச் சிநேகிதமாக்கிவிடும் முகம் அது. பாதிரியாரோடு பேசும் காட்சிகளில் கவனியுங்கள்: வாய் இறுகியிருக்கும், கண்ணோரச் சுருக்கம் காட்டிக்கொடுத்துவிடும். பயத்தை அடக்குகிற கொலையாளி தெரிய வேண்டிய இடத்தில், சிரிப்பை அடக்குகிற நடிகர் தெரிகிறார்.

நடுவில் காபிக் கடை டிவியில் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' ஓடும். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த 1968 படத்தின் வில்லன், நடிகர் ஹென்றி ஃபோண்டாவும் நல்லவராகவே மக்களுக்குப் பழகியவர். அதே நீலக் கண்களோடு ஒரு சிறுவனைச் சுட வைத்தார் லியோனி. குலை நடுங்கும். கோர்பைனிடமும் அப்படி ஒரு ஆயுதம் இருந்தது, குளூனியின் சிரிப்பு. அதைப் பூட்டி வைத்துவிட்டாரே என்பதுதான் என் ஆதங்கம்.

முடிந்தால் மறுநாளே 1967இன் 'ல சாமுராய்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பாருங்கள், அதுவும் கூலிக் கொலையாளி கதைதான். அதில் நடித்த அலென் தெலோனும் பேரழகர்தான், ஆனால் கதவைச் சாத்திய முகம். அதைப் பார்த்தபோது தம்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.