லீ தட்டு முறையில் ரப்பரின் வெப்பக் கடத்துத்திறனை அளப்பது எப்படி?

ரப்பர் ஓர் அரிதிற் கடத்தி. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட். கரித்தூள் சேர்த்த ரப்பருக்கோ அது பெரும்பாலும் 0.2 முதல் 0.3 வரைதான். நீண்ட ரப்பர் தண்டின் ஒரு முனையைச் சூடாக்கினால், வெப்பம் மறுமுனையை எட்டுமுன்பே பக்கங்கள் வழியாகக் காற்றில் கலந்துவிடும். அதனால்தான் அகலமும் மெல்லிய தடிமனும் கொண்ட வட்டத் துண்டு தேவைப்படுகிறது.

நீராவிக் கலன், தாங்கியில் நூலால் தொங்கவிட்ட பித்தளைத் தட்டு, அதே விட்டமுள்ள சுமார் 3 மி.மீ. ரப்பர் வட்டு, இரண்டு வெப்பநிலைமானிகள், நிறுத்துக்கடிகாரம் ஆகியவை போதும்.

படி 1: தட்டின் நிறை, ஆரம், தடிமன் ஆகியவற்றையும் ரப்பரின் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திருகு அளவியை இறுக்கினால் ரப்பர் நசுங்கி, அளவு குறைவாகக் காட்டும். முகங்கள் தொட்டவுடன் நிறுத்தி, ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். இங்கே 0.1 மி.மீ. பிசகினால் விடையில் 3 சதவீதத்துக்கு மேல் பிசகும்.

படி 2: பித்தளைத் தட்டின் மேல் ரப்பரையும், அதன் மேல் நீராவிக் கலனையும் வையுங்கள். இடையில் தங்கும் காற்றுதான் இந்தச் சோதனையின் பெரிய எதிரி. காற்றின் கடத்துத்திறன் 0.026 அளவே என்பதால், 0.1 மி.மீ. காற்றுப் படலமே சுமார் 0.75 மி.மீ. ரப்பருக்கு ஈடான தடையைத் தரும். இரு பரப்புகளிலும் கிளிசரினை மிக மெல்லியதாகத் தடவினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

படி 3: நீராவியைச் செலுத்தி, மேலே கலனின் அடிப்பாகம், கீழே பித்தளைத் தட்டு ஆகிய இரண்டின் வெப்பநிலைகளையும் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை குறியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு இரண்டுமே மாறாமல் நின்றால்தான் அது நிலைத்த நிலை. அதற்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், அவசரப்படுவதில் பயனில்லை. மேலே 97, கீழே 85 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 12 டிகிரிதான் என்பதால், வெப்பநிலைமானிகள் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி முரண்பட்டாலே 8 சதவீதப் பிழை வந்துவிடும். ஆகவே இரண்டையும் முன்கூட்டியே ஒரே வெந்நீரில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: நிலைத்த நிலையில், ரப்பர் வழியே வரும் வெப்பமும் தட்டு காற்றில் இழக்கும் வெப்பமும் சமம். அந்த இழப்பை அறிய, ரப்பரை எடுத்துவிட்டு, கலனை நேரடியாகத் தட்டின் மேல் வைத்து 95 டிகிரி வரை சூடேற்றுங்கள். பிறகு கலனை அகற்றி, தட்டு தனியே குளிர்வதை 30 விநாடிக்கு ஒருமுறை குறித்து வரைபடம் வரையுங்கள். 85 டிகிரியில் வளைகோட்டுக்குத் தொடுகோடு வரைந்தால் குளிரும் வீதம் கிடைக்கும்.

படி 5: தட்டு 0.8 கி.கி., பித்தளையின் தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 380 ஜூல், குளிரும் வீதம் விநாடிக்கு 0.043 டிகிரி எனக் கொள்வோம். குளிரும்போது தட்டின் மேற்பரப்பும் வெப்பத்தை இழக்கிறது. ரப்பர் மூடியிருந்தபோது அந்த இழப்பு இல்லை. எனவே பரப்பு விகிதத்தால் (ரப்பர் மூடியிருந்தபோது திறந்திருந்த பரப்பு ÷ தட்டின் முழுப் பரப்பு) பெருக்க வேண்டும், 5.5 செ.மீ. ஆரமும் 1 செ.மீ. தடிமனும் உள்ள தட்டுக்கு அது 0.577. புதியவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது இதைத்தான்.

0.8 × 380 × 0.043 × 0.577 = 7.5 வாட். இதை ரப்பரின் தடிமனால் (0.003 மீ.) பெருக்கி, பரப்பாலும் (0.0095 ச.மீ.) 12 டிகிரியாலும் வகுத்தால் ஏறத்தாழ 0.20 வரும்.

விடை 0.1-ஐ ஒட்டி வந்தால், ரப்பரைக் குறைசொல்லுமுன் தொடர்புப் பரப்பைப் பாருங்கள். அதே ரப்பரில் இரு வேறு தடிமன்களை அளந்து, தடைகளின் வேறுபாட்டைத் தடிமன் வேறுபாட்டோடு ஒப்பிட்டால், இரண்டிலும் பொதுவாக உள்ள தொடர்புத் தடை கழிந்துவிடும்.