பல் முளைக்கும் பிள்ளைக்கு ரீதர்: வாங்குவதிலும் பேணுவதிலும் நேரும் பிழைகள்

பிள்ளைக்கு ஐந்தாறு மாதமாகி, கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போகத் தொடங்கியதும், கிளிநொச்சிச் சந்தையிலோ வவுனியாக் கடைத்தெருவிலோ ஒரு ரீதரை, அதாவது பல் முளைக்கும் பிள்ளை கடிப்பதற்கென்று செய்த பொருளை, வாங்கிக் கொடுப்பது வன்னிக் குடும்பங்களிலும் இப்போது வழக்கமாகிவிட்டது. முரசு (பல் ஈறு) தினவெடுக்கும் பிள்ளைக்குக் கடிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை விளையாட்டுச் சாமானோடு சேர்த்துப் பார்ப்பதில்தான் முதற் பிழை தொடங்குகிறது. நாளுக்குப் பலமுறை வாய்க்குள் போய்வரும் பொருளைப் பிள்ளையின் கிண்ணம், கரண்டி ஆகியவற்றோடு வைத்தே மதிக்க வேண்டும். நிறம், ஒலி, விலை என்பவற்றைப் பார்த்துத் தெரிவுசெய்வோர் பெரும்பாலும் கேட்க மறப்பது, அது எதனால் ஆனது, எப்படிக் கழுவப்படும், உடைந்தால் என்னவாகும் என்ற மூன்று கேள்விகளையே.

திருவிழாக் கடைகளில் இந்த மறதி கூடுதலாக நிகழ்கிறது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும் போய்த் திரும்பும்போது, பிள்ளைக்கென்று ஒரு கிலுகிலுப்பையோ இறப்பர்ப் பொம்மையோ வாங்காமல் வருவது எவருக்கும் மனம் ஒப்பாத காரியம். அவற்றுட் பல, செய்தவர் பெயரோ, எந்த வயதுக்குரியது என்ற குறிப்போ, மூலப்பொருளின் பெயரோ இல்லாமல் வெறும் பொலித்தீன் பையில் தொங்குபவை. மெதுமையான பிளாத்திக்குக்கு அந்த மெதுமையைக் கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் தலேற்று வகை இரசாயனங்கள் உமிழ்நீரோடு கசியக்கூடியவை. வாயில் வைக்கத்தக்க சிறுவர் பொருள்களில் இவற்றுள் ஆறினை 0.1 வீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் சட்டம் இயற்றியதன் காரணமும் அதுவே. பொதியைத் திறந்ததும் கடும் நெடி வீசும் பொருளையும், நகத்தால் சுரண்டினால் பூச்சு உரியும் பொருளையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவது நல்லது. அதே வேளை, நெடி இல்லை என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. உணவுத் தரச் சிலிக்கோன் என்று பொதியில் தெளிவாக எழுதப்பட்ட, ஒரே துண்டாக வார்க்கப்பட்ட வளையமே நம்மூர்க் கடைகளில் கிடைப்பவற்றுள் நம்பத்தக்கது என்பது என் மதிப்பீடு.

அளவைப் பலரும் கண்ணால் மட்டுமே கணிக்கின்றனர். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் ஏறக்குறைய 3.2 சென்ரிமீற்றர், அதனுள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும் என்பதே விதி. முழுப் பொருளைப் பார்த்தால் மட்டும் போதாது. ஒட்டப்பட்ட கண், மணி, சக்கரம், உள்ளிருந்து ஒலியெழுப்பும் சிறு குழல் ஆகியவற்றை இழுத்தும் முறுக்கியும் பார்க்க வேண்டும். ஒளிரும் பொம்மைகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது: அவற்றுள் இருக்கும் பொத்தான் பற்றறி விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். ஆகவே திருகாணியால் மூடப்படாத பற்றறிப் பெட்டி உள்ள எதையும் இந்த வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கக்கூடாது.

உள்ளே நீரோ பசைபோன்ற திரவமோ நிரப்பிய வளையங்களும் பரவலாக விற்பனையாகின்றன. முளைத்துவரும் பல் ஊசிமுனை போன்றது. அது துளைத்ததும் திரவம் வாய்க்குள் போகும். அத்திரவத்தில் கிருமி இருந்தது தெரியவந்து, வெளிநாடுகளில் இத்தகைய வளையங்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதுண்டு. இவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துக் கல்லாக்கிக் கொடுப்பது இன்னொரு பிழை. உறைந்த பொருள் மெல்லிய முரசைக் காயப்படுத்தும். குளிர்ச்சி போதும், உறைவு வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், கொதித்தாறி மண்பானையில் குளிர்ந்த நீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு முனையைத் தாய் பிடித்திருக்க மறுமுனையைக் கடிக்கக் கொடுப்பது அதே பலனைத் தரும். கடையில் வாங்கும் எதையும்விட இதுவே மேல் என்று சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை.

மரத்தால் செய்த பொருள் இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்ற எண்ணமும் ஆராயப்பட வேண்டியது. தச்சுப்பட்டறையில் மிஞ்சிய துண்டைக் கடைந்து வளையமாக்கித் தரும் உறவினர் நம்மிடையே உண்டு. அந்தத் துண்டு எந்த மரம், கறையானுக்கு மருந்தடித்ததா, வார்னிஷ் பூசியதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. வன்னிக் காடுகளின் பெருமைக்குரிய முதிரையின் தூள் பட்டால் தச்சுத் தொழிலாளர் சிலருக்குத் தோல் அழற்சி ஏற்படுவது அறியப்பட்ட விடயம். அதைப் பிள்ளையின் வாய்க்குத் தெரிவுசெய்ய ஒரு காரணமும் இல்லை.

பிள்ளையின் கழுத்திலும் கையிலும் கட்டப்படுபவை தனியே பேசப்பட வேண்டும். முப்பத்தோராம் நாளில் பேரப்பிள்ளைக்குப் போடும் பஞ்சாயுதம் என்னும் கழுத்தணியையும், கறுப்பு மணியையும், வசம்பு கோத்த காப்பையும் பெரியவர்கள் அன்பினாலேயே அணிவிக்கிறார்கள். ஆனால் பல் முளைக்கும் மாதங்களில் அவையெல்லாம் கடிக்கும் பொருள்களாகிவிடுகின்றன. நூல் அறுந்தால் மணி தொண்டைக்குப் போகும். அறாவிட்டால், ஏணையில் புரளும் பிள்ளையின் கழுத்தை அது இறுக்கலாம். வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருளின் காரணமாக அமெரிக்காவில் அதை உணவில் சேர்ப்பது 1968 இல் தடைசெய்யப்பட்டது; ஆகவே அதைப் பிள்ளை நாள் முழுதும் சூப்பிக்கொண்டிருக்க விடக்கூடாது. பஞ்சாயுதத்தைக் கோயிலுக்கும் விசேடத்துக்கும் அணிவித்து, உறங்குமுன் கழற்றி வைத்தால் அம்மம்மாவின் மனமும் நோகாது. ரீதரையோ சூப்பியையோ கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டுவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். சட்டையில் கொழுவும் நாடாவாயின் அது 22 சென்ரிமீற்றருக்கு மேற்படாதிருக்க வேண்டும். உறக்கத்தின்போது அதுவும் கூடாது.

கழுவுதலில் நேரும் பிழை, வாங்குதலில் நேருவதைவிடக் கூடுதலாகவே வயிற்றோட்டத்துக்குக் காரணமாகிறது. முற்றத்துச் செம்மண்ணில் விழுந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்பக் கொடுப்பதும், கிணற்று நீரில் ஒருமுறை அலசிவிட்டுத் திருப்தியடைவதும் அன்றாடக் காட்சிகள். சவர்க்காரமிட்டுத் தேய்த்து, கொதித்தாறிய நீரில் அலசி, வலைமூடியின் கீழ் உலரவிட வேண்டும். சிலிக்கோனை நாளுக்கொருமுறை ஐந்து நிமிடம் கொதிநீரில் இடலாம். மரத்தை ஊறவைத்தால் வெடிக்கும், ஆகவே ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். நமது கிணற்று நீர் பல இடங்களில் கடினநீராதலால் கொதிக்கவைத்த பொருளில் வெண்படலம் படியும். அது அழுக்கன்று, சிறிது வினாகிரியில் துடைத்து நன்கு அலசினால் நீங்கிவிடும். அமுக்கினால் ஒலிக்கும் துளையுள்ள பொம்மையோ எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது. துளை வழியே புகுந்த நீர் உள்ளே தங்கி, வெளியே தெரியாமல் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும்.

கடிக்கவென்று உணவைக் கொடுப்பதில் சுருக்கமாக ஒன்று. பச்சைக் கரட்டும், தும்பு கிளம்பும் பனங்கிழங்கும், பல்லுக்கொழுக்கட்டையில் பல்லாகக் குத்திய தேங்காய்ச் சொட்டும் பிள்ளையின் கைக்கு வரக்கூடாதவை. பல் முளைத்ததற்காகச் செய்யும் அந்தக் கொழுக்கட்டைச் சடங்கில் பிள்ளையின் தலையிற் சொரிந்தவற்றைப் பொறுக்க ஓடும் சிறுவர்கள் பெரும்பாலும் ஒன்றைத் தம்பியின் கையிலும் திணிப்பார்கள். எனவே அந்நேரம் பிள்ளையை மடியில் வைத்திருப்பவரே கவனமாயிருக்க வேண்டும். முரசில் தேன் தடவுவது ஒரு வயதுவரை ஆபத்தானது, ஏனெனில் அதிலுள்ள கிருமி பொற்றுலிசம் என்னும் நஞ்சேற்றத்தை உண்டாக்கலாம். மரக்கச் செய்யும் பென்சோகெயின் களிம்பு இரத்தத்தின் ஒட்சிசன் கொள்ளளவைக் குறைக்கக்கூடியதென்பதால், இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதைப் பூசவேண்டாமென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. சுத்தமாகக் கழுவிய விரலால் முரசைத் தேய்த்துவிடுவது போதுமானது.

காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் பல்லின் கணக்கில் எழுதிவிடுவதைப் போன்ற ஆபத்தான பிழை வேறில்லை. பல் முளைத்தலால் உமிழ்நீர் வடியும், எரிச்சல் வரும், உடல் சிறிது சூடாகலாம். 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் போனால் காரணம் வேறு. மாரிகாலத்தில் டெங்கு பரவும் நம் பிரதேசத்தில், ரீதரைக் கொடுத்து இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதற்கு இடமில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டு மாதம் கடந்தும் ஒரு பல்லும் தோன்றாவிடின் அவசரமில்லை, அடுத்த கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் போதும்.

அண்ணன் கடித்த ரீதரைத் தங்கைக்கு எடுத்து வைக்கும் வழக்கத்திலும் ஒரு சோதனை வேண்டும். இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் கீறலோ, பல் பதிந்த பிளவோ, ஒட்டும் தன்மையோ தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. உடைந்த துண்டு தொண்டையில் சிக்கி, பிள்ளை அழவும் இருமவும் முடியாமல் திணறினால், விரலை விட்டுத் துழாவக்கூடாது. அது துண்டை இன்னும் உள்ளே தள்ளும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தடவை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரு விரலால் ஐந்து தடவை அழுத்தி, இரண்டையும் மாறிமாறிச் செய்துகொண்டிருக்க, வீட்டிலுள்ள இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.