சூப்பர் ஹீரோ குழுக் கதைகளுக்குக் கருத்து எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்-மென், அவெஞ்சர்ஸ், டீன் டைட்டன்ஸ் போன்ற குழுக்களை வைத்து ரசிகர்கள் எழுதும் ஃபேன் ஃபிக்‌ஷன் கதைகளுக்குச் சன்மானம் கிடையாது. படித்துத் திருத்தித் தரப் பதிப்பாசிரியரும் கிடையாது. வேலை முடிந்து வந்த இரவிலோ, தேர்வுகளுக்கு நடுவே கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலோ எழுதி முடித்த ஓர் அத்தியாயத்துக்கு, அதைப் படித்த யாரோ ஒருவர் எழுதி அனுப்பும் நான்கு வரிதான் எழுதியவருக்குக் கிடைக்கும் வரவு. அந்த நான்கு வரியைப் பொறுத்து அடுத்த அத்தியாயம் மெருகேறியதையும் பார்த்திருக்கிறேன், கதை பாதியில் நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். இத்தகைய கதைகளைப் பல ஆண்டுகள் படித்தும், சிலவற்றை வெளியாகும் முன்பே பீட்டா ரீடராக இருந்து பார்த்துக் கொடுத்தும் வந்ததில், நல்ல மனத்தோடு எழுதுகிறவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் கண்ணில் பட்டன.

முதலில் சொல்ல வேண்டியதும், குழுக் கதைகளுக்கே உரியதுமான தவறு, தனக்குப் பிடித்த ஒருவரை மட்டும் தேடிக்கொண்டே படிப்பது. இதை நானும் செய்திருக்கிறேன். ஆறு பேர் கொண்ட ஓர் எக்ஸ்-மென் கதையின் ஐந்தாம் அத்தியாயத்துக்கு நான் எழுதிய கருத்து, தொடக்கம் முதல் இறுதி வரை ஸ்டார்மைப் பற்றியதாகவே இருந்தது. எழுதியவர் நன்றி சொல்லிவிட்டு, "கொலாசஸ் தன் தங்கை இலியானாவுக்குக் கடிதம் எழுதும் பகுதி ஒட்டுகிறதா என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்திருந்தேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தக் கடிதத்தை, ஸ்டார்ம் எப்போது வருவார் என்ற அவசரத்தில், நான் கண்ணால் தடவிவிட்டுக் கடந்திருந்தேன். மறுபடி படித்தபோதுதான், மூன்று நாள் தள்ளி கொலாசஸ் எடுக்கப்போகும் முடிவுக்கு விதை அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது என்பது புரிந்தது.

குழுக் கதை என்ற வகை வேலை செய்வதே ஒருவர் மீது இன்னொருவர் உரசுவதால்தான். 1975இல் வெளியான எக்ஸ்-மென் சிறப்பிதழில் கதாசிரியர் லென் வீனும் ஓவியர் டேவ் காக்ரமும் புதிய அணியை அமைத்தபோது, ஜெர்மனியின் நைட்க்ராலர், கென்யாவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஸ்டார்ம், சோவியத் கூட்டுப் பண்ணையில் வளர்ந்த கொலாசஸ், கனடாவின் வுல்வரின், அயர்லாந்தின் பான்ஷீ, ஜப்பானின் சன்ஃபயர், அப்பாச்சி இனத்தைச் சேர்ந்த தண்டர்பேர்ட் என்று ஒருவரோடு ஒருவர் எளிதில் ஒத்துப்போகாதவர்களையே சேர்த்தார்கள். அவர்களை வைத்து எழுதும் ரசிகரும் அந்த உரசலைத்தான் கையாளுகிறார். ஆகவே கருத்து எழுதும் முன், அத்தியாயத்தில் யார் பேசினார்கள், யாருடைய முடிவால் நிகழ்ச்சி திரும்பியது, யார் வெறுமனே அறையில் நின்றார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துப் பார்ப்பது பெரிதும் உதவும். தொடக்கத்தில் மேசையைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்திருந்து, பாதிக்கு மேல் இருவர் காற்றில் கரைந்துபோயிருந்தால், எழுதியவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. அவர் மனத்தில் ஆறு பேரும் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். "பான்ஷீ இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு எங்கே போனார் என்று தெரியவில்லை" என்ற ஒரே வாக்கியம், பொதுவான பத்துப் பாராட்டுகளைவிட அவருக்குப் பயன்படும். அதற்காக, எல்லோருக்கும் சம பங்கு வேண்டும் என்று அளவுகோலோடு நிற்பதும் சரியன்று. ஓர் அத்தியாயம் முழுவதும் ஒருவருக்கே போகலாம். மற்றவர்கள் வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டார்களா, மறந்துபோய் விடப்பட்டார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது, கேனன் எனப்படும் மூலக்கதையைக் காட்டித் தவறு பிடிப்பது. எந்த மூலக்கதை என்று கேட்டுக்கொள்ளாமலே பலர் இதில் இறங்கிவிடுகிறார்கள். 1963இல் வந்த காமிக்ஸில் அவெஞ்சர்ஸ் குழுவைத் தொடங்கியவர்கள் தோர், அயர்ன் மேன், ஹல்க், ஆன்ட்-மேன், வாஸ்ப் ஆகியோர். கேப்டன் அமெரிக்கா நான்காம் இதழில்தான் வந்து சேர்கிறார். 2012இல் வந்த திரைப்படத்திலோ அவர் முதல் நாளிலிருந்தே இருக்கிறார். பிளாக் விடோவும் ஹாக்ஐயும் இருக்கிறார்கள். ஆன்ட்-மேனும் வாஸ்பும் இல்லை. அல்ட்ரான் என்ற எந்திர வில்லனை உருவாக்கியவர் காமிக்ஸில் முதல் ஆன்ட்-மேனான ஹாங்க் பிம், திரையில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கும் ஹல்க்கான புரூஸ் பேனரும். படத்தை மட்டும் பார்த்த ஒருவர், காமிக்ஸைப் பின்பற்றி எழுதியவரிடம் "இது கூடத் தெரியாமல் எழுதலாமா" என்று கேட்டால், காயப்படுகிறவர் அறுபது ஆண்டுக் கதையைப் புரட்டிப் படித்துவிட்டு வந்தவராக இருக்கக்கூடும். கதையின் தலைப்பிலேயோ முன்குறிப்பிலேயோ எந்த உலகத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்க அரை நிமிடம் போதும்.

மூலக்கதையை மாற்றுவதற்கென்றே எழுதப்படும் கதைகளும் உண்டு. 1980இல், எக்ஸ்-மென் 137ஆம் இதழில், குழுவின் உறுப்பினர் ஜீன் கிரே நிலவில் உயிர்விடும் முடிவை மாற்றி எழுதிய ரசிகர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய் "மூலத்தில் ஜீன் இறந்துவிடுகிறாரே" என்று சொல்வதில் பொருளில்லை. அந்த மரணம் தாங்க முடியாமல்தான் அவர்கள் எழுதவே உட்கார்ந்தார்கள். இங்கே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த இதழுக்கு கதாசிரியர் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பிர்னும் முதலில் அமைத்திருந்த முடிவில் ஜீன் சாகவில்லை. ஆற்றலை மட்டும் இழந்து உயிரோடு இருந்தார். ஒரு கோளையே அழித்தவருக்கு அந்தத் தண்டனை போதாது என்று அன்றைய தலைமைப் பதிப்பாசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்ததால் முடிவு மாறியது; கைவிடப்பட்ட வடிவத்தையும் எக்ஸ்-மென் இதழ்களின் பதிப்பகமான மார்வெல் 1984இல் தனி இதழாக வெளியிட்டது. மூலமே இரண்டு முடிவுகளைக் கண்டிருக்கும்போது, மூன்றாவதாக ஒன்றை எழுதுகிறவரிடம் நாம் கேட்க வேண்டியது, அந்த முடிவுக்கு அவர் கதைக்குள்ளே என்ன விலை வைத்திருக்கிறார் என்பதைத்தான். ஜீன் பிழைக்கிறார் என்றால் அழிந்த கோளுக்கு யார் பதில் சொல்கிறார்கள்? இந்தக் கேள்வி எழுதியவரை முடக்காது. மேலும் இரண்டு அத்தியாயம் எழுத வைக்கும்.

பிழை கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற ஆர்வம் உள்ளவர்களுக்கு அறுபதுகளின் மார்வெல் இதழ்களிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. கதையில் முரண்பாடு கண்டு கடிதம் எழுதிய வாசகர்களுக்கு மார்வெலின் அன்றைய பதிப்பாசிரியர் ஸ்டான் லீ 'நோ-ப்ரைஸ்' என்ற பெயரில் ஒரு பரிசு அறிவித்தார். பின்னாளில் பரிசு பெற்றவர்களுக்குத் தபாலில் வந்தது வெறும் காலி உறைதான். நாளடைவில், முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவதோடு நிற்காமல் அது ஏன் முரண்பாடு ஆகாது என்று நம்பும்படி விளக்கியவர்களுக்கே அந்தப் பரிசு என்று ஆனது. ரசிகர் கதைக்குக் கருத்து எழுதும்போதும் இதையே செய்யலாம். ஓரிடத்தில் மறைந்து நொடியில் வேறோர் இடத்தில் தோன்றும் ஆற்றல் கொண்ட நைட்க்ராலர், பொதுவாகத் தான் பார்க்கக்கூடிய அல்லது முன்பே அறிந்த இடத்துக்குத்தான் தாவுவார், ஏனெனில் சுவருக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அவர் முன்பின் பார்த்திராத பூட்டிய நிலவறைக்குள் தாவிவிட்டதாக ஒரு கதையில் வந்தால், "இது தவறு" என்று முடித்துவிடாமல், "அவர் அந்த நிலவறையின் வரைபடத்தை முந்தின அத்தியாயத்தில் பார்த்ததாக ஒரு வரி வைத்தால் இது நிற்கும், அல்லது பார்க்காமலே துணிந்து தாவினார் என்றால் அந்தப் பயத்தைக் காட்டலாம்" என்று எழுதலாம். எழுதியவர் கையில் இரண்டு வழிகள் கிடைக்கின்றன. எதை எடுப்பது என்பது அவர் உரிமை.

சண்டைக் காட்சிகளைப் பற்றி "அருமையான சண்டை" என்பதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். குழுக் கதையில் எழுதக் கடினமான பகுதி அதுதான். ஆறு பேரும் ஒரே நேரத்தில் எங்கே நிற்கிறார்கள் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். ஒருவரின் ஆற்றல் இன்னொருவருக்குக் கைகொடுக்க வேண்டும். கொலாசஸ் வுல்வரினைத் தூக்கி எதிரி மேல் வீசும் 'ஃபாஸ்ட்பால் ஸ்பெஷல்' 1976இல் எக்ஸ்-மென் நூறாம் இதழில் வந்தபோது ரசிகர்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், இருவரில் எவரும் தனியாகச் செய்ய முடியாத ஒன்றை அது காட்டியதே. ஆகவே, சண்டை எந்த இடத்தில் குழம்பியது, யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது எந்தப் பத்தியில் மறந்துபோனது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ஆறு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு எதிரியை அடித்துவிட்டு விலகினால், அதையும் பணிவாகச் சொல்லலாம்.

எழுதியவர் சொந்தமாகப் படைத்த புதிய உறுப்பினர் ஒருவர் குழுவில் சேரும்போது, உடனே "மேரி சூ" என்று முத்திரை குத்துவது இன்னொரு தவறு. 1973இல் ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழ் ஒன்றில், எல்லாவற்றிலும் சிறந்து விளங்கும் இளம்பெண்களை வைத்து எழுதப்பட்ட கதைகளைப் பகடி செய்யப் பிறந்த பெயர் அது. இன்று அது திறமையுள்ள எந்தப் பெண் பாத்திரத்தின் மீதும் எறியப்படும் கல்லாகிவிட்டது; எழுதியவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. புதியவர் வந்த பிறகு பழைய உறுப்பினர்கள் தங்கள் அறிவையோ குணத்தையோ இழந்துவிடுகிறார்களா என்று பாருங்கள். எக்ஸ்-மென் தலைவர் சைக்ளாப்ஸ் வழக்கமாக ஒரு நொடியில் போடும் திட்டத்தை, புதிய பெண் வந்து சொல்லும் வரை அவருக்குத் தோன்றவே இல்லை என்றால், குறை சைக்ளாப்ஸை எழுதிய விதத்தில் இருக்கிறது. அந்தக் காட்சியைச் சுட்டிக்காட்டினால் போதும்.

"அடுத்த அத்தியாயம் எப்போது" என்று மட்டும் எழுதுவது, யாரோடு யாரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று கட்டளையிடுவது, ஒற்றுப்பிழைகளின் நீண்ட பட்டியலை எல்லோர் முன்னிலையிலும் வைப்பது ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிழைத்திருத்தத்தைத் தனியாக அனுப்பலாம், அதுவும் எழுதியவர் விரும்புவதாகச் சொல்லியிருந்தால். திருத்தம் வேண்டாம், மனமகிழ்ச்சிக்காக மட்டுமே எழுதுகிறேன் என்று முன்குறிப்பில் சொல்லியிருப்பவரிடம், பிடித்த ஒரு காட்சியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

பழைய கதை, இனி எழுதி என்ன பயன் என்று விட்டுவிடுவதையும் தவறுகளில் சேர்க்க வேண்டும். நான் பீட்டா ரீடராகப் பார்த்துக் கொடுத்த டைட்டன்ஸ் கதை ஒன்று முப்பத்தோராம் அத்தியாயத்தோடு நின்று நாலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நாள் யாரோ ஒருவர், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ரேவனும் பீஸ்ட் பாயும் பேசாமல் பாத்திரம் கழுவும் காட்சியைப் பற்றி மட்டும், ஒரு பத்தி எழுதி அனுப்பியிருந்தார். அன்று இரவே கதாசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, முப்பத்திரண்டாம் அத்தியாயத்தின் பழைய வரைவு என்னிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.