ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் மதுரைக்காரர் அறிந்துகொள்ள வேண்டிய பழக்கவழக்கங்கள்

ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்த நாடு என்பதையும், அந்த நாட்டில் எந்த மக்களிடையே என்பதையும்தான். ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு வகிக்கும் ஆப்பிரிக்க நாடுகள் 54. நைஜீரியா என்னும் ஒரே நாட்டுக்குள்ளேயே யொரூபா மக்களின் மரியாதை முறை வேறு, இக்போ மக்களின் முறை வேறு. மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து விரிவுரையாளராகவோ கணக்கராகவோ மெக்கானிக்காகவோ செல்பவருக்கென இங்கே எழுதப்படுபவை பெரும்பாலும் எத்தியோப்பியா, தான்சானியா, கானா, நைஜீரியா ஆகியவற்றைப் பற்றியவை. இவற்றை அப்படியே செனகலுக்கோ காங்கோவுக்கோ பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பெட்டி கட்டும்போதே கவனிக்க வேண்டியவை இரண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்கள் முன்பே, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் போட்டுக்கொண்டு, சான்றிதழைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். ஊர் திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள். அடுத்தது பாலித்தீன் பை. ருவாண்டா 2008-லும், கென்யா 2017-லும், தான்சானியா 2019-லும் அதைத் தடை செய்துவிட்டன. எனவே இட்லிப் பொடியும் வற்றலும் டப்பாவிலும் மஞ்சப்பையிலும் போகட்டும்.

போய் இறங்கியதும் குழப்புவது கடிகாரம். எத்தியோப்பியாவிலும், சுவாஹிலி பேசும் தான்சானியா, கென்யா பகுதிகளிலும் மணியை நள்ளிரவிலிருந்து எண்ணாமல் விடியலிலிருந்து எண்ணுவார்கள். நமக்குக் காலை 7 மணி என்பது அவர்கள் பேச்சில் ஒரு மணி. கைக்கடிகார முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் எண்ணைப் படித்தால் கணக்குச் சரியாக வந்துவிடும். விமான நேரம் நாம் அறிந்த முறையிலேயே அச்சிடப்படும். ஆனால் வீட்டு உரிமையாளரோ ஓட்டுநரோ மணி சொன்னால், எந்தக் கணக்கில் சொல்கிறார் என்பதைக் கேட்டுத் தெளிவது நல்லது. எத்தியோப்பியாவில் ஆண்டும் வேறு. 13 மாதங்கள் கொண்ட அந்நாட்டு நாட்காட்டி நம் வழக்கத்திலுள்ள ஆண்டைவிட ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கியது, புத்தாண்டு செப்டம்பர் 11 அல்லது 12-இல் பிறக்கும். வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் தேதி எந்த நாட்காட்டிப்படி எழுதப்பட்டது என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

அடுத்தது வணக்கம் சொல்வது. கடை வாசலில் நின்றவுடன் "அண்ணே, அரைக் கிலோ சீனி" என்று தொடங்குவது நமக்கு இயல்பு. தான்சானியாவில் நலம் விசாரிக்காமல் பொருளைக் கேட்பது முரட்டுத்தனமாகத் தோன்றும். மூத்தவரைக் கண்டால் 'ஷிகாமோ' என்று சொல்ல வேண்டும், அவர் 'மரஹபா' என்று பதில் தருவார். வயதில் இளையவர் நமக்கு 'ஷிகாமோ' சொல்லும்போது வெறுமனே புன்னகைத்துவிட்டுப் போகாமல் நாமும் 'மரஹபா' சொல்ல வேண்டும். கானாவில் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால் வலப்புறம் இருப்பவரிலிருந்து தொடங்கி வரிசையாகக் கைகுலுக்குவார்கள்; இடக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் சைகை காட்டுவதும் கூடாது. இது மதுரைக்காரருக்குப் புதிதல்ல என்றாலும், பணம் எண்ணும்போதும் அலைபேசியைப் பிடித்திருக்கும்போதும் நம் இடக்கை தானாக நீண்டுவிடுகிறது. யொரூபா இளைஞர் பெரியவர் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுவதும் பெண்கள் மண்டியிடுவதும் நமக்கு வியப்பளிக்காது. வெளியூர்க்காரர் தலையையும் தோளையும் சற்றுத் தாழ்த்தினால் போதும்.

உண்மையான சோதனை சாப்பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது. ஆளுக்கோர் இலை என்றும், எச்சில் படக்கூடாது என்றும் வளர்ந்த ஒருவர், எத்தியோப்பியாவில் நாலைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, டெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்க வைத்துச் சுட்ட, தோசை போன்ற இஞ்செராவைப் பிய்த்துக் குழம்பு வகைகளோடு உண்பதைப் பார்த்துத் திகைக்கக்கூடும். அங்கும் ஒழுங்கு உண்டு: கைகழுவிவிட்டு, வலக்கையால், தன் முன்னால் உள்ள பகுதியிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், விரலை நக்கக் கூடாது. பிறகு வருவது குர்ஷா, அதாவது வீட்டுக்காரர் ஒரு கவளத்தைச் சுருட்டித் தம் கையாலேயே விருந்தினர் வாயில் ஊட்டுவது. இது அன்பின் அடையாளம். ஒன்றோடு நிற்காது, இன்னொன்றும் வரும். தனித்தட்டு கட்டாயம் வேண்டுமென்றால் தட்டு வருவதற்கு முன்பே உடல்நலத்தைக் காரணமாகச் சொல்லிக் கேட்டுவிடலாம், உணவகத்தில் தடையின்றித் தருவார்கள். ஆனால் ஒருவர் வீட்டில், அதுவும் மூத்தவர் ஊட்ட வரும்போது, வாயைத் திறந்துவிடுவதே சரி என்பது என் கருத்து.

சைவம் உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையினர் புதனும் வெள்ளியும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாட்களும் இறைச்சி, முட்டை, பால், நெய் எதையும் தொடமாட்டார்கள். அந்நாட்களில் பருப்பும் கீரையும் ஷிரோ என்னும் கடலைமாவுக் குழம்பும் தாராளமாகக் கிடைக்கும். கறி உண்பவருக்குத்தான் எச்சரிக்கை தேவை, ஏனெனில் கிட்ஃபோ என்பது மசாலா வெண்ணெய் கலந்த பச்சை மாட்டிறைச்சிக் கொத்துக்கறி. நன்றாக வேக வைத்துத் தரும்படி கேட்கலாம்.

இக்போ வீட்டில் கோலாக்கொட்டை நம் வெற்றிலை பாக்கின் இடத்தில் இருக்கிறது. பெரியவர் வாழ்த்துச் சொல்லி உடைத்துப் பகிரும்வரை விருந்தினர் பேச வந்த காரியத்தை எடுக்காமல் காத்திருக்க வேண்டும்.

எத்தியோப்பியக் காபிக்கும் நேரம் ஒதுக்கியே போக வேண்டும். கண்ணெதிரே கொட்டையை வறுத்து, அந்தப் புகையை முகரக் கொடுத்து, இடித்து, மண்கூசாவில் கொதிக்க வைத்து மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதையல்ல, பால் கேட்பதும் வழக்கமல்ல.

இறுதியாக, தலையாட்டல். நாம் 'சரி' என்பதற்குப் பக்கவாட்டில் ஆட்டுவதை அங்கே பலர் மறுப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். எத்தியோப்பியரோ 'ஆம்' என்பதற்குச் சட்டென்று மூச்சை உள்ளிழுப்பார்; ஏதோ கேட்டுத் திடுக்கிட்டார் என்று நாம் கலங்க வேண்டியதில்லை. நம் பங்குக்கு 'அவோ' (அம்ஹாரிக் மொழியில் 'ஆம்') என்று வாய்திறந்து சொல்லிப் பழகிக்கொள்வது பாதுகாப்பு, குறிப்பாகச் சம்பளத் தேதியைப் பற்றிப் பேசும்போது.