மளிகைக் கடை சூப்பர் மார்க்கெட் ஆகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மளிகைக் கடையில் நாம் லிஸ்டை நீட்டுவோம், கடைப் பையன் ஓடி ஓடி எடுத்துக் கட்டுவான். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். அதே கடையில் மேசையை எடுத்துவிட்டு ரேக் போட்டுக் கூடையைக் கையில் கொடுத்ததும், பையனின் வேலை வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. அவருக்கோ கடை தெரியாது. நான் ரேக் அடித்துக் கொடுக்கிற தொழிலில் இருப்பவன். இப்படி மாறிய கடைகளில் பார்த்தவரை, முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் சரக்கு அடுக்கியிருக்கும். வாசலில் நின்று பார்த்து அடுக்கிய கடை அபூர்வம்.

சரி, வாசலிலிருந்தே ஆரம்பிக்கலாம். வெயிலிலிருந்து உள்ளே நுழைபவருக்குக் கண் பழகி நடை தளர நாலைந்து அடி ஆகும். அந்த இடத்தில் எந்த ஆஃபர் போர்டு வைத்தாலும் கண்ணில் படாது. கூடைகளைக்கூட நிலைப்படியை ஒட்டி அடுக்கினால் பலர் எடுக்காமல் போய்விடுவார்கள். பிறகு கை நிறைந்ததும் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு எட்டு உள்ளே தள்ளி ஓர் அடுக்கு, நடுவழியில் இன்னோர் அடுக்கு என்று வையுங்கள்.

நிறுவனங்கள் ஓசியில் தரும் ஸ்டாண்டுகளும் வாசலில்தான் வந்து நிற்கும். சிப்ஸ் ஸ்டாண்ட், கூல் டிரிங்க்ஸ் ஃபிரிட்ஜ், சாக்லேட் கூண்டு என்று வருவதையெல்லாம் வாங்கி வைத்தால் கண்ணாடிக்கு உள்ளே கடை இருப்பதே வெளியே தெரியாது. ஸ்டாண்ட் ஓசியாக இருக்கலாம், அது நிற்கிற சதுர அடிக்கு வாடகை கட்டுவது நீங்கள்.

அடுத்தது, பெரிய கடையைப் பார்த்து அப்படியே காப்பி அடிப்பது. 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்தார். வாடிக்கையாளரே சாமானை எடுத்துக்கொள்ளும் கடைகளுக்கு முன்னோடி அது. உள்ளே நுழைந்தவர் எல்லா வரிசையையும் சுற்றித்தான் பில் போடும் இடத்துக்கு வர முடியும். பாலைக் கடைசி மூலையில் வைப்பது என்ற இன்றைய வழக்கமும் அதே கணக்குதான். ஆயிரம் சதுர அடிக் கடையில் இது பலிக்காது. காலை ஆறு மணிக்கு லுங்கியோடு ஒரு பாக்கெட் பாலுக்கு வருபவரை ஷாம்பு வரிசை வழியாக நடக்கவிட்டால், மறுநாள் அவர் பக்கத்து டீக்கடையில் வாங்கிக்கொள்வார். பால், பிரெட், முட்டை, கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அரிசி, எண்ணெய், பருப்பு உள்ளே போகலாம். மாத சாமான் வாங்க வருபவர் எப்படியும் உள்ளே வருவார்.

நடைபாதை குறைந்தது மூன்று அடி வேண்டும். கூடையோடு இரண்டு பேர் எதிரெதிரே போக நாலு அடியாவது இருந்தால்தான் சரிப்படும். அதற்காகப் பாதை முழுக்க அளந்துவிட்டு, கீழ்த்தட்டுக்கு முன்னால் மூட்டையைச் சாய்த்து வைத்தால் அளந்தது வீண். கீழே குனிந்து எதையோ தேடும் பெண்ணின் முதுகை உரசிக்கொண்டு ஒருவர் போனால், அந்தப் பெண் கையில் எடுத்ததை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. சானிட்டரி நாப்கினைக் கல்லாவுக்கு நேர் எதிரே, முதலாளியின் பார்வையில் வைத்திருக்கும் கடைகளும் உண்டு. திருட்டுப் போகாது, உண்மைதான். விற்கவும் விற்காது.

உயரத்தில் நடக்கும் தவறுக்கு என் தொழிலும் ஒரு காரணம். ஏழடி ரேக் போட்டால் அதிகச் சரக்கு பிடிக்கும் என்று நாங்களே சொல்லி விற்கிறோம். நம் ஊர்ப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய ஐந்தடிதான். சிரமமில்லாமல் பார்த்துக் கை நீட்டி எடுக்கத் தரையிலிருந்து மூன்றடி முதல் நாலரை அடி வரை உள்ள தட்டுகளே வசதி. அதிக லாபம் தருவதும் நீங்கள் விற்க நினைப்பதும் அங்கே வரவேண்டும். பல கடைகளில் அங்கே இருப்பது உப்பும் தீப்பெட்டியும். அவற்றை எங்கே வைத்தாலும் தேடி எடுத்துக்கொள்வார்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை மேல்தட்டில் வைப்பது மட்டும் வேண்டாம், யார் தலையிலாவது விழும்.

வெளிச்சத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பட்டுப்புடவை எடுக்கும் அம்மாக்கள் "வாசல் வெளிச்சத்துல காட்டுங்க" என்று கேட்பார்கள் இல்லையா? கடை விளக்கை நம்பக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். மளிகையிலும் அதே கதைதான். எல்.ஈ.டி. டியூப் வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கெல்வின். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 4000 என்றால் கொஞ்சம் இதமான வெள்ளை. இன்னொன்று சி.ஆர்.ஐ., அதாவது பொருளின் நிறத்தை அந்த வெளிச்சம் எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு. இதற்கு உச்சம் 100. மலிவு டியூப்களில் சிவப்புதான் முதலில் அடிபடும். அந்த வெளிச்சத்தில் தக்காளி வெளிறும், மிளகாய்த்தூள் பழையது மாதிரி தெரியும், துவரம் பருப்பு மங்கும். ஒரு கடையில் காய்கறித் தட்டுக்கு மேல் இருந்த 6500 டியூபைக் கழற்றி, சி.ஆர்.ஐ. 90, 4000 கெல்வின் விளக்கு மாட்டினோம். காலையில் வந்த அதே தக்காளியைப் பார்த்து முதலாளி, "லோடு மாத்திட்டாங்களா?" என்றார். கடை முழுக்க இதைப் போட வேண்டியதில்லை. காய்கறி, பழம், மசாலா, பருப்பு இருக்கும் இடங்களுக்குப் போதும். விளக்கு ரேக்குக்கு நேர் மேலே இல்லாமல் நடைபாதைக்கு மேலே இருந்தால்தான் டப்பாக்களின் முகத்தில் வெளிச்சம் விழும். ரேக்கைப் போடுவதற்கு முன்பே சீலிங்கில் பாயின்ட் எடுத்துவிடுவதால் இது பெரும்பாலும் தப்பிப்போகிறது.

இன்னொரு பக்கம், அளவுக்கு மீறிய ஒழுங்கும் ஆகாது. பிக் பஜார் நடத்திய கிஷோர் பியானி தன் கடைகளை வேண்டுமென்றே கொஞ்சம் நெரிசலாக, சந்தை மாதிரி வைத்தவர். விசாலமாக, வரிசையாக இருந்தால் நம் ஜனங்கள் நின்று பார்க்காமல் நேராக நடந்து போய்விடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அதற்காகப் பாதையை அடைக்கச் சொல்லவில்லை. வெங்காயத்தையும் பருப்பையும் பாக்கெட்டுக்குள் பூட்டாமல், கொஞ்சமாவது கையால் அள்ளிப் பார்க்கிற மாதிரி வைத்தால் போதும்.

ரேக் ஓரத்தில் ஒரு விலை, பில்லில் வேறு விலை என்பதை வாடிக்கையாளர் மறக்கவே மாட்டார். விலை மாறும் நாளிலேயே சீட்டையும் மாற்றுங்கள். அப்புறம் பின்கதவு. இடம் இல்லை என்று அட்டைப்பெட்டிகளை அங்கேதான் அடுக்கி, தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியை அடைத்துவிடுகிறார்கள். 2017 மே மாதம் சென்னை தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக் கட்டடமே தீயில் போனது. மளிகைக் கடையில் எண்ணெயும் அட்டையும் ஒன்றாகவே இருக்கின்றன.

கடை திறந்து ஒரு மாதம் ஆனதும், சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம், ஒரு ஸ்டூலை வாசல் ஓரமாகப் போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். யார் எங்கே தயங்கி நிற்கிறார்கள், பில் வரிசை எந்த ரேக்கை மறைக்கிறது, பையனிடம் எதை எங்கே என்று கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேர் கேட்ட சாமானுக்கு இடம் மாற்றுங்கள். ரேக்கில் தட்டைக் கழற்றி மாட்டப் பத்து நிமிடம்தான், அதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.